வாட்டர்ஃபாலில் பளிச்சென்று தெரிகிறது, டிகோடரில் ஒன்றும் வரவில்லை: 145.825 பற்றிய இழை

8 ஜூன், மாலை. காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

அண்ணே, ஐஎஸ்எஸ், அதாவது சர்வதேச விண்வெளி நிலையம், மேலே போகும்போது அதன் ஹாம் ரேடியோ 145.825 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் பாக்கெட்டுகள் (குட்டித் தரவுச் செய்திகள்) வாட்டர்ஃபாலில், அதாவது அலைவரிசைகளை நேரத்தோடு ஓடவிட்டுக் காட்டும் திரையில், தெளிவாகத் தெரிகின்றன. ஸ்பீக்கரில் அந்த 'ப்ர்ர்ர்ட்' சத்தமும் கேட்கிறது. ஆனால் டிகோடர் மென்பொருளான டயர் உல்ஃப் ஒரு பாஸுக்கு (ஐஎஸ்எஸ் ஒரு தடவை எழுந்து மறைவதற்குள்) ஒன்றோ இரண்டோதான் கொடுக்கிறது. பல நாள் அதுவும் இல்லை. ஜிஎன்யு ரேடியோ மென்பொருளில் நானே போட்ட ஃப்ளோகிராஃப்: ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (யுஎஸ்பியில் செருகும் மலிவு ரிசீவர்), சாம்பிள் ரேட் நொடிக்கு 250000, அதை 5-ஆல் டெசிமேட் (ஐந்துக்கு ஒன்றாகக் குறைப்பது), அப்புறம் என்பிஎஃப்எம் ரிசீவ் (எஃப்எம்மை ஆடியோவாக்கும் ப்ளாக்), கடைசியில் வேவ் ஃபைல். கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) முழுசாக 49.6. எட்டு பிட் டாங்கிள் இந்த வேலைக்குப் போதாது என்று முடிவுக்கு வந்துவிட்டேன். அதிக பிட் உள்ள ஏர்ஸ்பை ரிசீவர் வாங்கலாமா?

8 ஜூன், இரவு

வாங்காதீர்கள்.

எட்டு பிட் போதாது என்பதை எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். பக்கத்தில் பலமான ஸ்டேஷன் இருக்கும்போது பலவீனமான சிக்னலைப் பிடிக்க அது தடைதான், மறுக்கவில்லை. ஆனால் வாட்டர்ஃபாலில் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் ஒரு எஃப்எம் சிக்னலுக்கு எட்டு பிட் தாராளம். 250 கிலோஹெர்ட்ஸ் அகலத்திலிருந்து 16 கிலோஹெர்ட்ஸுக்குச் சுருக்கும்போதே குவாண்டைசேஷன் இரைச்சலில் (சிக்னலை எண்ணாக்கும்போது சேரும் இரைச்சல்) ஏறக்குறைய 12 டெசிபெல் குறைந்துவிடும். சிக்னல் டாங்கிளுக்குள் நன்றாகத்தான் வந்திருக்கிறது. வந்தபிறகு எங்கேயோ கெடுகிறது.

ஒரு பாஸை ஐக்யூ ஃபைலாக, அதாவது டிமாடுலேட் ஆகாத கச்சா சிக்னலாக, பதிந்து வையுங்கள். வேவ் ஃபைல் வேண்டாம். டிமாடுலேட் ஆன ஆடியோவை மட்டும் வைத்துக்கொண்டு பிழை தேடுவது, வெந்த சோற்றைப் பார்த்து அரிசியில் கல் இருந்ததா என்று கேட்பது மாதிரி. ஐக்யூ இருந்தால் அதே பாஸை எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்ப ஓட்டலாம், ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு விஷயத்தை மாற்றிப் பார்க்கலாம். நேரடி பாஸில் கெயினை மாற்றி, ஃபில்டரை மாற்றி, ஆன்டெனாவையும் திருப்பிவிட்டு "இப்போது பரவாயில்லை" என்றால் எது காரணம் என்று யாருக்குத் தெரியும்?

இடம் நிறைய ஆகுமே என்று பயப்பட வேண்டாம். நொடிக்கு 250000 சாம்பிள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட். பத்து நிமிடப் பாஸுக்கு 300 எம்பி. அவ்வளவுதான்.

9 ஜூன்

வாசகர் தனியாக இன்னொன்றும் கேட்டிருந்தார்: காதுக்கு இவ்வளவு சுத்தமாகக் கேட்பது டிகோடருக்கு ஏன் போதவில்லை?

இந்த பாக்கெட்டுகளின் வடிவமான ஏஎக்ஸ்.25-இல் பிழை திருத்தம் கிடையாது. பிழை இருக்கிறதா என்று பார்க்க மட்டும் கடைசியில் 16 பிட் சிஆர்சி (சரிபார்ப்பு எண்) ஒன்று ஒட்டியிருக்கிறது. ஒரு பிட் தப்பானாலும் மொத்த பாக்கெட்டும் குப்பைக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆயிரம் பிட்டுக்கு ஒரு பிழை என்றால், 500 பிட் நீளமுள்ள பாக்கெட் முழுசாக வந்துசேர வாய்ப்பு 60 சதவீதம். நூறு பிட்டுக்கு ஒரு பிழை என்றால் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே. காதில் இந்த இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. இரண்டுமே 'ப்ர்ர்ர்ட்'.

கூடவே என்ஆர்இசட்ஐ என்ற பிட் எழுதும் முறை. இதில் 0 என்றால் நிலை மாறும், 1 என்றால் மாறாது. அதனால் காற்றில் ஒரு பிட் தப்பானால் தரவில் அடுத்தடுத்து இரண்டு பிட் தப்பாகும்.

அதனால் "எத்தனை வந்தது" என்று மட்டும் பார்க்காதீர்கள். வந்ததெல்லாம் குட்டையா, நீளமா? குட்டைப் பாக்கெட்டுகள் வந்து நீளமானவை வரவில்லை என்றால் இரைச்சலோ, க்ளாக் நகர்வோ, சாம்பிள் தொலைவதோ ஏதோ ஒன்று. எதுவுமே வரவில்லை என்றால் பெரும்பாலும் அமைப்பிலேயே கோளாறு. வருவதும் வராததும் நீளத்தோடு ஒத்துப்போகாமல் கொத்துக் கொத்தாக இருந்தால் ஆன்டெனாவையும் ஃபேடிங்கையும் சந்தேகப்படலாம்.

9 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து

டயர் உல்ஃபின் கன்ஃபிக் ஃபைலில் 'பாஸ்ஆல்' என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் சிஆர்சி தேறாத பாக்கெட்டுகளையும் காட்டும். திரை முழுக்கக் குப்பை ஓடும், பயப்படாதீர்கள். அந்தக் குப்பையில் 'ஆர்எஸ்0ஐஎஸ்எஸ்' என்ற ஐஎஸ்எஸ்ஸின் கால்சைன் (அனுப்புகிறவரின் அடையாளப் பெயர்) அரைகுறையாகத் தட்டுப்படுகிறதா, பாக்கெட் எந்த இடத்தில் சிதைய ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். தலைப்பகுதி சரியாக இருந்து எப்போதும் வால் மட்டும் சிதைந்தால் அது ஒரு பெரிய துப்பு. வேலை முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

11 ஜூன், காலை

ஃபைல்கள் வந்தன. ஐக்யூவைத் திறக்கவே தேவைப்படவில்லை. நேற்றைய பாஸின் வேவ் ஃபைலையும் சேர்த்து அனுப்பியிருந்தீர்களே, அது 10 நிமிடம் 25 நொடி. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பதிந்தது சரியாகப் பத்து நிமிடம் என்று. அந்த 25 நொடி எங்கிருந்து முளைத்தது?

250000-ஐ 5-ஆல் வகுத்தால் 50000. ஆனால் வேவ் ஃபைலில் 48000 என்று எழுதிவைத்திருக்கிறீர்கள். டிகோடர் தலைப்பில் இருப்பதை அப்படியே நம்பும், அதற்கு வேறு வழியில்லை. பாக்கெட் இரண்டு டோன்களுக்கு நடுவே மாறி மாறித்தான் பிட்டுகளைச் சொல்கிறது. உங்கள் 1200 ஹெர்ட்ஸ் டோன் அதற்கு 1152-ஆகத் தெரிகிறது, 2200 ஹெர்ட்ஸ் 2112-ஆகத் தெரிகிறது, நொடிக்கு 1200 பிட் என்பது 1152 ஆகிவிட்டது. எல்லாமே 4 சதவீதம் மெதுவாக.

டாங்கிளை 240000-இல் ஓட்டுங்கள். 5-ஆல் வகுத்தால் நேராக 48000. ஆர்டிஎல் சில்லு 225001 முதல் 300000 வரை ஏற்கும், நடுவில் ஒரு பெரிய ஓட்டை, பிறகு 900001-இலிருந்து 3200000 வரை. 240000 அதற்குள் சௌகரியமாக உட்காருகிறது. 250000 தான் வேண்டும் என்றால் ரேஷனல் ரீசாம்ப்ளரில் 24/125 போட வேண்டும். எதற்கு வம்பு.

11 ஜூன், மாலை

"அப்படியானால் ஒன்றுகூட வந்திருக்கக் கூடாதே, பாஸுக்கு ஒன்றிரண்டு எப்படி வந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. இந்த வகைக் கோளாறு இத்தனை நாள் ஒளிந்துகொள்ள முடிந்ததற்கும் அதுதான் காரணம்.

டிகோடர், சிக்னல் ஒரு டோனிலிருந்து இன்னொரு டோனுக்கு மாறும் ஒவ்வொரு தடவையும் தன் க்ளாக்கைச் சரிசெய்துகொள்ளும். ஐந்து 1-கள் தொடர்ந்து வந்தால் அனுப்புகிறவர் ஒரு 0-வைச் செருகியாக வேண்டும் என்பது விதி. அதனால் தரவுக்குள் எந்த இரண்டு மாற்றங்களுக்கும் நடுவே அதிகபட்சம் ஆறு பிட் காலம். பாக்கெட்டின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும், கொடி எனப்படும் 01111110-இல் மட்டும் ஏழு. 4 சதவீதப் பிழை ஆறு பிட்டில் 24 சதவீதமாகிறது, அதாவது கால் பிட் நகர்வு. பிட்டின் நடுவில் பார்க்கிறவருக்கு இரண்டு பக்கமும் அரைப் பிட் இடம் உண்டு. அதில் பாதி போயிற்று, பாதி மிச்சம். ஐஎஸ்எஸ் தலைக்குமேல் வந்து சிக்னல் கொழுத்திருக்கும்போது அந்த மிச்சத்திலேயே பாக்கெட் தப்பித்துவிடும். கொஞ்சம் இரைச்சல் சேர்ந்தால் போச்சு.

முழுசாகச் செத்துப்போகிற கோளாறு நல்லது, உடனே தேடுவோம். இந்த மாதிரி பாதி உயிரோடு இருப்பதுதான் ஆளை ஏர்ஸ்பை வாங்க வைக்கும்.

12 ஜூன்

இப்போது நிறைய வருகிறது, ஆனால் நீளமான பாக்கெட்டுகள் இன்னும் தேறவில்லை என்கிறீர்கள். சரி, கெயின்.

49.6 என்பது ஆர்820டி ட்யூனர் தரும் உச்சம். உங்கள் ஐக்யூவின் ஹிஸ்டோகிராமைப் போட்டுப் பார்த்தேன். 0-விலும் 255-லும் இரண்டு தூண்கள் எழுந்து நிற்கின்றன. அதாவது கிளிப்பிங். 145-இல் உங்களுக்கு வேண்டிய சிக்னல் சின்னதுதான், ஆனால் 88 முதல் 108 வரை எஃப்எம் ஒலிபரப்பு முழுப் பலத்தோடு அதே ட்யூனர் வாசலில் நிற்கிறது. முன்பகுதி திணறினால் அந்த ஸ்டேஷன்களின் கலவைகள் எங்கெங்கோ முளைக்கும், அடித்தள இரைச்சலும் ஏறும்.

கெயினை ஒவ்வொரு படியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். சிக்னலும் இரைச்சலும் சேர்ந்து இறங்கினால் இன்னும் குறைக்கலாம். இரைச்சல் மட்டும் வேகமாக இறங்கிச் சிக்னல் அப்படியே நின்றால், அதுவரை திணறிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். எனக்குப் பாளையங்கோட்டை மாடியில் முப்பதுக்குக் கொஞ்சம் மேலே நன்றாக இருக்கிறது. உங்கள் ஊருக்கு வேறாக இருக்கும். கெயினைத் தானாக மாற்றும் ஏஜிசியை அணைத்துவிடுங்கள். பாக்கெட் தொடங்கும் நொடியில் அது கெயினைத் தேடிக்கொண்டிருக்கும்.

ஸ்கெல்ச்சும் (சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைத்துவைப்பது) வேண்டாம். அது திறப்பதற்குள் பாக்கெட்டின் தலை போயிருக்கும்.

14 ஜூன்

என்பிஎஃப்எம் ரிசீவ் ப்ளாக்கைப் பற்றி நேற்று வேறொருவர் கேட்டிருந்தார். அது பேச்சுக்காகச் செய்தது. உள்ளே இரண்டு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன: ஒரு டீ-எம்ஃபசிஸ், இயல்பாக 75 மைக்ரோ நொடி, அப்புறம் 2.7 கிலோஹெர்ட்ஸில் வெட்டும் ஓர் ஆடியோ ஃபில்டர்.

டீ-எம்ஃபசிஸ் மேல் டோனைத் தாழ்த்தும். 75 மைக்ரோ நொடி என்றால் 2200 ஹெர்ட்ஸ் 1200-ஐவிட ஏறக்குறைய 2 டெசிபெல் கீழே போகும், பெரிய நஷ்டமில்லை. ஆனால் சாதாரண ஹாம் ரேடியோவின் ஸ்பீக்கர் முனையிலிருந்து எடுத்தால் சரிவு ஆக்டேவுக்கு 6 டெசிபெல், இரண்டு டோனுக்கும் நடுவே 5 டெசிபெல்லுக்குமேல் வித்தியாசம் வரும். டயர் உல்ஃப் ஒவ்வொரு பாக்கெட்டோடும் ஆடியோ அளவைக் காட்டும்போது அடைப்புக்குறிக்குள் மார்க் (1200), ஸ்பேஸ் (2200) இரண்டின் அளவையும் தனித்தனியாகப் போடுகிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சரி. ஒன்று இன்னொன்றில் பாதி என்றால் நடுவில் யாரோ ஆடியோவைத் 'திருத்துகிறார்கள்'. மொத்த அளவு 50 வாக்கில் இருக்கட்டும்.

தேறிய பாக்கெட்டுக்குத்தான் இந்த எண்கள் கிடைக்கும் என்பது வேடிக்கை. நோயாளி பிழைத்த பிறகுதான் ரிப்போர்ட் வரும்.

என்பிஎஃப்எம் ப்ளாக்குக்குப் பதிலாகக் குவாட்ரேச்சர் டிமாட் ப்ளாக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். அதில் எந்தச் சமையலும் இல்லை. முன்னால் ஒரு லோ-பாஸ். அகலம் எவ்வளவு? டீவியேஷன் (எஃப்எம் அலைவரிசை விலகும் அளவு) 3, மேல் டோன் 2.2, கூட்டி இரண்டால் பெருக்கினால் 10.4 கிலோஹெர்ட்ஸ். ஐஎஸ்எஸ் ஓடும் வேகத்தால் அலைவரிசை தள்ளிப்போகும் டாப்ளர் இரண்டு பக்கமும் மூன்றரை கிலோஹெர்ட்ஸ் வரை. டாப்ளரைத் திருத்தாவிட்டால் 16 அல்லது 18 வைக்கலாம். திருத்தினால் 12 போதும்.

15 ஜூன்

ஒரு நண்பர் சொல்கிறார்: "ஐஎஸ்எஸ்ஸுக்குக் கீழேயிருந்து எல்லாரும் ஒரே நேரத்தில் அனுப்புவதால் மோதல், அதனால்தான் டிகோடு ஆவதில்லை." இல்லை. மோதல் நடப்பது மேலே போகும் பாதையில். ஐஎஸ்எஸ் தன்னால் டிகோடு செய்ய முடிந்ததை மட்டுமே திரும்ப அனுப்புகிறது. கீழே வருவது ஒரே ட்ரான்ஸ்மிட்டர், ஒவ்வொன்றாக, சுத்தமாக. அந்த பாக்கெட் உங்களிடம் உடைந்தால் அது வரும் வழியிலோ உங்கள் பக்கத்திலோ உடைந்தது.

15 ஜூன், பின்சேர்க்கை

மேலே எழுதியதில் ஒரு விதிவிலக்கைச் சேர்க்க வேண்டும். 145.825 ஐஎஸ்எஸ்ஸின் தனிச் சொத்து இல்லை, ஏபிஆர்எஸ் (இருப்பிடமும் குறுஞ்செய்தியும் அனுப்பும் ஹாம் பாக்கெட் முறை) செயற்கைக்கோள்கள் பல பகிர்ந்துகொள்ளும் அலைவரிசை. இரண்டு ஒரே நேரத்தில் உங்கள் வானத்தில் இருந்தால் கீழேயும் மோதல் நடக்கலாம். வாட்டர்ஃபாலில் உடனே பிடிபடும்: இரண்டின் டாப்ளரும் வேறு என்பதால் கோடுகள் இரண்டு இடத்தில் நிற்கும். அபூர்வம்தான்.

18 ஜூன்

திரையில் 'ஓஓஓ' என்று ஓடுகிறது, அது என்ன என்று வாசகர் கேட்கிறார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நன்றாயிருக்கும் தம்பி!

அது ஓவர்ஃப்ளோ. கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்வதற்குள் டாங்கிள் அடுத்ததைக் கொண்டுவந்துவிட்டது, இவர் பழையதைக் கீழே போட்டுவிட்டார். வழக்கமான லைப்ரரி அமைப்பில் ஒரு பஃபர் 262144 பைட், அதாவது 131072 சாம்பிள். 240000 ரேட்டில் ஒரு பஃபர் தொலைந்தால் அரை நொடிக்குமேல் காணாமல் போகும், ஒரு பாக்கெட்டே அப்படியே மறையும். 2400000 ரேட்டில் தொலைந்தால் 55 மில்லி நொடிதான், ஆனால் அதில் 65 பிட் போய்விடும். பாக்கெட் இருக்கும், நடுவயிறு இருக்காது. கேட்கும்போது ஒரு சின்ன 'டிக்'.

ஃபைல் அளவைப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு 288000000 பைட் இருக்க வேண்டிய இடத்தில் குறைந்திருந்தால் தொலைந்திருக்கிறது.

தீர்வு எளிது: பாஸ் ஓடும்போது ஐக்யூவைப் பதிய மட்டும் செய்யுங்கள், டிகோடு பிறகு. பழைய லேப்டாப்பில் வாட்டர்ஃபாலே பாதி சிபியுவைத் தின்னும். யுஎஸ்பி ஹப்பைத் தவிருங்கள். ராஸ்ப்பெர்ரி பை என்றால் பவர் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், சில சார்ஜர்கள் விஎச்எஃப் முழுக்கச் சீப்புப் பல் மாதிரி கோடுகளை எழுப்பும். என் வீட்டு எல்இடி பல்பு ஒன்று அப்படித்தான். பாஸ் நேரத்தில் அந்த அறையில் யாரும் படிக்கக் கூடாது என்று சட்டம் போட்டு, சட்டம் இரண்டு நாளில் வீட்டில் ரத்தானது.

19 ஜூன்

'பாஸ்ஆல்' எடுத்துவிடச் சொன்னதற்குக் காரணம் இதோ. வாசகர் ஒரு கால்சைனை அனுப்பி "இது எந்த நாடு?" என்கிறார். எந்த நாடும் இல்லை. அது இரைச்சல்.

சிஆர்சி 16 பிட். கண்மூடித்தனமான பிட்டுகளை நீட்டினாலும் 65536-இல் ஒன்று தேறிவிடும். அதோடு பிட் திருத்தும் வசதியையும் போட்டால் நிலைமை மோசம். 480 பிட் பாக்கெட்டில் ஒவ்வொரு பிட்டாகத் திருப்பிப் பார்க்கிறோம் என்றால் 480 தடவை சீட்டெடுக்கிறோம். தவறுதலாகத் தேற வாய்ப்பு ஏறக்குறைய 136-இல் ஒன்று. இரைச்சலில் இரவு முழுக்க ஓடவிட்டால் காலையில் செவ்வாய் கிரகத்து ஹாம்கள் வரிசையில் நிற்பார்கள். ஒரு பிட் திருத்துவது சரி, கூடவே கால்சைன் வடிவத்தையும் சோதிக்கும்படி வைத்தால். இரண்டு மூன்று பிட் என்று போகாதீர்கள்.

22 ஜூன்

ஒரு திசைமாற்றம். ஐஎஸ்எஸ் பாஸ் ஒரு நாளைக்குச் சில தடவைதான், அதிலும் பல தொடுவானத்தை உரசிக்கொண்டு போகும். சோதனை செய்யக் காத்திருப்பது எரிச்சல். நம் ஊர்களுக்கு வாய்த்த ஒன்று உண்டு: இந்தோனேசியாவின் லாபான்-ஏ2, ஹாம்கள் ஐஓ-86 என்பார்கள். 2015 செப்டம்பர் 28 அன்று பிஎஸ்எல்வி-சி30, ஆஸ்ட்ரோசாட்டோடு சேர்த்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கொண்டுபோனது. பூமத்திய ரேகைக்கு வெறும் 6 டிகிரி சாய்வு, 650 கிலோமீட்டர் உயரம். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் தமிழ்நாட்டு வானத்தைத் தொட்டுவிட்டுப் போகும். ஐரோப்பாக்காரர்களுக்குக் கண்ணிலேயே படாது. ஏபிஆர்எஸ் டிஜிபீட்டரும் (பாக்கெட்டை வாங்கித் திரும்ப அனுப்புவது) எஃப்எம் ரிப்பீட்டரும் இருக்கின்றன. எப்போதும் இயக்கத்தில் இருக்காது, நடத்துகிறவர்கள் அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாக்கெட்டும் செயற்கைக்கோளும் என்றாலே எனக்கு அனுசாட் ஞாபகம் வரும். அண்ணா பல்கலைக்கழகம் கட்டியது, 2009 ஏப்ரல் 20, பிஎஸ்எல்வி-சி12. செய்தியை வாங்கி வைத்துக்கொண்டு இன்னொரு இடத்தில் கொடுப்பதுதான் அதன் முக்கிய வேலை. அப்போது இந்த மலிவு டாங்கிள்கள் ஹாம் கைகளில் இல்லை. இருந்திருந்தால் சென்னையில் எத்தனை மொட்டைமாடி காய்ந்திருக்கும்.

வானத்தையே நம்ப வேண்டாம் என்றால் டயர் உல்ஃபோடு வரும் 'ஜென்_பேக்கெட்ஸ்' கருவி, இரைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போகும் பாக்கெட்டுகளை வேவ் ஃபைலாகச் செய்து தரும். 'ஏடெஸ்ட்' அதை எண்ணிச் சொல்லும். உங்கள் டிகோடர் அமைப்பு சரியா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதில் தேறி, பாஸில் தேறாவிட்டால் டிகோடரை விட்டுவிட்டு முன்னால் தேடலாம்.

27 ஜூன்

வாசகர் 1200-இல் தேறிவிட்டார், வாழ்த்துகள். இப்போது 437 மெகாஹெர்ட்ஸில் 9600 வேகத்துக் க்யூப்சாட்டுக்கு (குட்டிச் செயற்கைக்கோள்) போய்விட்டார். "எதையும் மாற்றவில்லை, ஆனால் பூஜ்யம்" என்கிறார். எதையும் மாற்றாததுதான் காரணம்.

1200-இல் தகவல் டோன்களில் இருக்கிறது. டாங்கிளின் அலைவரிசை கொஞ்சம் தள்ளியிருந்தால் எஃப்எம் டிமாடில் ஒரு டிசி (மாறாத ஒரு தள்ளல்) சேரும், டோன்கள் அப்படியே இருக்கும். டிகோடர் கவலைப்படாது. 9600-இல் டோனே கிடையாது. அலைவரிசை மேலே என்றால் ஒரு நிலை, கீழே என்றால் இன்னொன்று, நேரடியாக. அங்கே டிசி தள்ளினால் 0-வையும் 1-ஐயும் பிரிக்கும் கோடே தள்ளிப்போகிறது. டீவியேஷன் 3 கிலோஹெர்ட்ஸ் வாக்கில். 437-இல் டாப்ளர் மட்டும் இரண்டு பக்கமும் 10 வரை. சிக்னல் ஃபில்டருக்கு வெளியேயே போய்விடும்.

கூடவே டாங்கிளின் பிபிஎம், அதாவது அலைவரிசை பத்து லட்சத்தில் எத்தனை பங்கு தப்பு என்பது. விலை குறைந்த பழைய டாங்கிள் 60 பிபிஎம் தப்பாக இருப்பது சாதாரணம். 145.825-இல் அது 8.7 கிலோஹெர்ட்ஸ், 437-இல் 26. டிசிஎக்ஸ்ஓ (வெப்பநிலை மாற்றத்தை ஈடுகட்டும் க்ளாக்) உள்ள டாங்கிள் 1 பிபிஎம் சுற்றி நிற்கும். டாங்கிள் சூடானபிறகு அளந்து போட்டுக்கொள்ளுங்கள்.

14 ஜூன் குறிப்பில் என்பிஎஃப்எம் ப்ளாக்கைப் பெரிய நஷ்டமில்லை என்று ஓரளவு விட்டுக்கொடுத்திருந்தேன். அது 1200-க்கு மட்டும் செல்லும். 9600-க்கு அதன் 2.7 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டர் மரண அடி. பேச்சுக்கான ஹை-பாஸும் அப்படியே: இந்த முறைக்குச் சில ஹெர்ட்ஸ் வரை கீழே தட்டையாக வேண்டும். சவுண்ட் கார்டு கேபிள் வழியாக அனுப்பாமல் ஃபைலாகவோ நெட்வொர்க் வழியாக யுடிபியாகவோ கொடுங்கள்.

பிழைப் பெருக்கமும் கூடும். 9600-இல் பிட்டுகளைக் கலைத்து அனுப்பும் ஜி3ஆர்யுஎச் ஸ்க்ராம்ப்ளரைப் பிரிக்கும்போது ஒரு பிட் பிழை மூன்று இடத்தில் விழுகிறது: அதே இடம், 12 தள்ளி, 17 தள்ளி. அதை என்ஆர்இசட்ஐ இரட்டிக்கிறது. மொத்தம் ஆறு. பாக்கெட் எப்படியும் ஒன்றிலேயே செத்துவிட்டது என்பதால் ஆறு என்பது கூடுதல் துக்கமில்லை. ஆனால் ஒரு பிட்டைத் திருப்பிப் பார்த்துத் தேற்றும் தந்திரம் இங்கே நேரடியாக எடுபடாது.

28 ஜூன்

டாப்ளர் திருத்தம் போட்டதும் முன்பைவிட மோசமாகிவிட்டது என்றால் ஐக்யூவின் இரண்டு பாதிகளான ஐயும் க்யூவும் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். இது விஷமமான கோளாறு. ஐக்யூ மாறினால் ஸ்பெக்ட்ரம் இடம் வலமாகத் திரும்பும், பிட்டுகள் தலைகீழாகும். ஆனால் என்ஆர்இசட்ஐக்கு மாற்றம் மட்டுமே முக்கியம் என்பதால் டிகோடர் புகார் சொல்லாது, தலைகீழாகவே சரியாக வாசித்துவிடும். நீங்கள் கழிக்க வேண்டிய டாப்ளரைக் கூட்டும்போதுதான் வெளிப்படும்: 10 கிலோஹெர்ட்ஸ் 20 ஆகும். உச்சியில், டாப்ளர் பூஜ்யத்தைத் தாண்டும் அந்தச் சில நொடிகளில் மட்டும் பாக்கெட் வரும். அப்படி உச்சியில் மட்டும் வந்தால் இதைத்தான் முதலில் பாருங்கள்.

இன்னொரு உறவுக்காரக் கோளாறு: ஆர்டிஎல் ஃபைல் குறியில்லாத எட்டு பிட், நடு 127.5. ஹேக்ஆர்எஃப் என்ற இன்னொரு எஸ்டிஆரின் ஃபைல் குறியுள்ள எட்டு பிட், நடு 0. ஒன்றை இன்னொன்றாகத் திறந்தால் நடுவில் ஒரு விளக்குத்தூணும் சுற்றிலும் புழுதியும் தெரியும்.

அப்புறம் கம்ப்யூட்டர் கடிகாரம். உச்சியில் டாப்ளர் நொடிக்கு 437-இல் ஏறக்குறைய 180 ஹெர்ட்ஸ் மாறும், ஐஎஸ்எஸ் உயரத்தில் பறப்பவைக்கு. கடிகாரம் பத்து நொடி பின்தங்கினால் 1.8 கிலோஹெர்ட்ஸ் பிழை. 9600-க்கு அது அதிகம். 145-இல் அதே பத்து நொடி 600 ஹெர்ட்ஸ்தான், தெரியவே தெரியாது. பழைய டிஎல்இயும் (செயற்கைக்கோளின் பாதைத் தரவு) இதே பலனைத் தரும். இணையமில்லாத மொட்டைமாடி ராஸ்ப்பெர்ரி பை என்றால் இரண்டும் சேர்ந்தே வரும், அதற்குக் கடிகார பேட்டரி கிடையாது.

டாங்கிளின் நடுவில் நிற்கும் டிசி முள்மேல் சிக்னலை வைக்காதீர்கள். 50 கிலோஹெர்ட்ஸாவது தள்ளி ட்யூன் செய்து மென்பொருளில் நகர்த்துங்கள்.

2 ஜூலை

வாசகரின் கடைசிக் கேள்வி: இரண்டு நாளாக ஐஎஸ்எஸ் சுத்தமாக இல்லை, 1200-கூட வரவில்லை, பழைய கோளாறு திரும்பிவிட்டதா?

முதலில் பழைய ஐக்யூ ஃபைலை ஓட்டுங்கள். அதில் முன்பு வந்த எண்ணிக்கை அப்படியே வந்தால் மென்பொருளில் ஒன்றும் கெடவில்லை. அடுத்து வாட்டர்ஃபால்: பாஸ் நேரத்தில் கோடே இல்லை என்றால் டிகோடரைக் குற்றம் சொல்ல அங்கே வேலையே இல்லை. விண்வெளி வீரர்கள் வெளியே நடக்கும் நாட்களிலும் கலங்கள் வந்து இணையும் நாட்களிலும் அங்குள்ள ஹாம் ரேடியோவை அணைத்துவைப்பார்கள். ஐஎஸ்எஸ்ஸின் ஹாம் ரேடியோவைக் கவனித்துக்கொள்ளும் ஏரிஸ் அமைப்பு அதன் நிலையை இணையத்தில் போடுகிறது, பார்த்துவிடுங்கள். அங்கே இயக்கத்தில் இருக்கிறது என்று போட்டிருந்தால் மாடிக்குப் போய் கனெக்டரை ஆட்டிப் பாருங்கள். எங்கள் தெருவில் காக்கை வி-டைபோல் ஆன்டெனாவின் ஒரு காலை ஊஞ்சலாக்கி வளைத்துவைத்திருந்தது, ஒவ்வொரு காலும் 49 சென்டிமீட்டர்தான், அதற்கு வசதியாகப் போயிற்று.

ஏர்ஸ்பைக்கு வைத்த பணத்தில் எஃப்எம் ஒலிபரப்பை வெட்டும் ஒரு நாட்ச் ஃபில்டரும் நல்ல கோஆக்ஸும் வாங்கிக்கொள்ளுங்கள். மிச்சம் இருக்கும்.